பிள்ளைகளுக்கு யோசிக்கும் பழக்கம்: எந்த வழி எதற்கு உதவும்?

"ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன. கேப்டனுக்கு வயது என்ன?" 1979 வாக்கில் பிரான்ஸின் கிரனோபிள் நகரில் கணிதக் கல்வி ஆய்வுக் குழு ஒன்று இந்தக் கேள்வியை 97 தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுத்தது. அவர்களில் 76 பேர் அந்த எண்களை வைத்து ஏதோ ஒரு கணக்குப் போட்டு வயதைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அந்த 76 பேருக்கும் கூட்டத் தெரியும். ஆடுகளை எண்ணினால் மனிதருடைய வயது கிடைக்காது என்பதும், தனியே உட்காரவைத்துக் கேட்டிருந்தால், தெரிந்திருக்கும். ஆனால் எண்களைப் பார்த்ததும் கை ஓடிவிட்டது. "இங்கே நின்று பார்க்க வேண்டும்" என்று யாருக்கும் தட்டுப்படவில்லை.

பிள்ளைகளின் சிந்தனைப் பழக்கம் பற்றி முடிவெடுக்கும் எவரும் முதலில் மனதில் வைக்க வேண்டியது இதைத்தான். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் டேவிட் பெர்க்கின்ஸ், ஷாரி டிஷ்மன் ஆகியோர் 1990-களில் நல்ல சிந்தனையை மூன்று பகுதிகளாகப் பிரித்துப் பார்த்தார்கள்: யோசிக்கும் திறன், யோசிக்க வேண்டும் என்ற நாட்டம், யோசிக்க வேண்டிய இடத்தைக் கண்டுகொள்ளும் கூர்மை. ஒருதலைப்பட்சமான முடிவுகள் உள்ள சிறுகதைகளைப் பிள்ளைகளிடம் கொடுத்தபோது, கோளாறு எங்கே என்று தாமாகக் கண்டுகொண்டவர்கள் குறைவு. இடத்தைச் சுட்டிக்காட்டியதும் பெரும்பாலோர் சரியாக யோசித்தார்கள். குறை பெரும்பாலும் மூன்றாவது பகுதியில்தான் இருந்தது.

அதனால் கீழே வரும் ஒவ்வொரு வழியையும் ஒரே கேள்வியால் அளக்கிறோம்: நிஜமான தருணத்தில், யாரும் நினைவூட்டாமல், பிள்ளை ஒரு கணம் நின்று பார்க்க இது உதவுமா? செலவும் நேரமும் இதற்கு அடுத்தவைதான்.

செஸ், அபாகஸ், மூளை விளையாட்டுச் செயலிகள்

பெற்றோர் முதலில் நாடுவது இந்த வகையைத்தான். சேர்த்துவிடுவது எளிது, வாராவாரம் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும். ஆனால் அந்த முன்னேற்றம் எதில் என்று பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தில் பள்ளி முயற்சிகளைச் சோதித்துப் பார்க்கும் எஜுகேஷன் எண்டோமென்ட் ஃபவுண்டேஷன் 2016-இல் செஸ் பற்றிய முடிவை வெளியிட்டது. 100 தொடக்கப் பள்ளிகள் பங்கேற்றன. குலுக்கல் முறையில் ஒரு பகுதிக்கு மட்டும் 30 மணி நேரம் செஸ் கற்றுத் தந்தார்கள். ஓராண்டு கழித்துக் கணிதத் தேர்வில் இரு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை. மணிச்சட்டத்தை மனதில் கற்பனை செய்து கணக்குப் போடும் மன அபாகஸை குஜராத்தின் வதோதராவில் 200-க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் மூன்று ஆண்டுகள் சோதித்தார்கள். அந்த ஆய்வு 2016-இல் வெளிவந்தது. அபாகஸ் கற்ற பிள்ளைகள் கூட்டல், பெருக்கல் போன்ற கணக்கீடுகளில் முன்னேறினார்கள். நினைவாற்றல், கவனம் போன்ற பொதுத் திறன்களில் அப்படி எதுவும் நிலையாகத் தெரியவில்லை. நினைவாற்றல் பயிற்சிச் செயலிகளும் இதே கதைதான். பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த 2013-ஆம் ஆண்டு மதிப்பீடு, பயிற்சி பெற்ற வேலையில் மட்டும் கொஞ்ச காலத்துக்கு முன்னேற்றம் உண்டு, வாசிப்புக்கோ கணக்குக்கோ அது நகர்வதில்லை என்று முடித்தது.

காரணம் பழையது, தெளிவானது. ஒரு வேலையில் பெற்ற பயிற்சி, அதோடு பொதுவான கூறுகள் கொண்ட வேலைக்குத்தான் கைகொடுக்கும் என்று உளவியலாளர்கள் தார்ன்டைக்கும் வுட்வொர்த்தும் 1901-லேயே காட்டிவிட்டார்கள். செஸ் வல்லுநர்கள் ஆட்டத்தில் நிஜமாக வரும் காய் அமைப்பை ஐந்து விநாடி பார்த்துவிட்டுப் பெரும்பாலும் அப்படியே திரும்ப அடுக்குவார்கள். காய்களை இஷ்டப்படி இறைத்துவைத்தால் அவர்களுக்கும் புதியவர்களுக்கும் பெரிய வேறுபாடு இருக்காது. இதை ஆய்வாளர்கள் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் 1973-இல் சோதித்துக் காட்டினார்கள். அந்த வல்லுநர்களிடம் இருப்பது செஸ் பற்றிய பெரும் அறிவு. அது செஸ் பலகையோடு கட்டுண்டது.

பிள்ளைக்குச் செஸ் பிடித்திருந்தால் விளையாடட்டும். அது அருமையான ஆட்டம். அதற்காகவே கற்கத் தகுந்தது. ஏற்கனவே போய்க்கொண்டிருக்கும் வகுப்பிலிருந்து சிந்தனைப் பழக்கத்தையும் எடுக்க வேண்டுமென்றால், பாலத்தை நீங்கள்தான் கட்ட வேண்டும். காயைத் தொடுவதற்கு முன் "எதிராளி இந்த நகர்வை ஏன் வைத்தார்?" என்று கேட்டுக்கொள்ளும் பழக்கம் ஆட்டத்தில் படியட்டும். பிறகு வீட்டுப்பாட மேசையில் அதே வாக்கியத்தை மாற்றிக் கொடுங்கள்: "கேள்வி போட்டவர் இந்த எண்ணை ஏன் கொடுத்திருக்கிறார்?" இப்படி வெளிப்படையாகச் சொல்லி இணைத்தால்தான் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஏதாவது கடக்கும். பிள்ளை தானாகவே இணைத்துக்கொள்ளும் என்று காத்திருப்பது பெரும்பாலும் வீண்.

சிந்தனைக்கென்று தனிப் பாடவேளை

பள்ளிகள் இதை இரண்டு விதமாகச் செய்கின்றன.

முதலாவது, நல்ல பழக்கங்களின் பட்டியல். ஆர்தர் காஸ்டாவும் பெனா கல்லிக்கும் தொகுத்த 16 மனப் பழக்கங்கள் உலகெங்கும் பரவியிருக்கின்றன: விடாமுயற்சி, அவசரத்தை அடக்குதல், பிறர் சொல்வதைப் புரிந்துகொண்டு கேட்டல், துல்லியத்துக்கு முயலுதல் என்று நீளும். பட்டியலில் குறையில்லை. பதினாறையும் ஒரே பருவத்தில் சுவரில் ஒட்டுவதுதான் குறை. இரண்டு மாதத்தில் பிள்ளைகள் பதினாறு பெயர்களையும் ஒப்பிப்பார்கள், பரீட்சைத் தாளில் கேள்வியைப் பாதி படித்துவிட்டு எழுதத் தொடங்குவார்கள். ஒரு பருவத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு போதும். அதையும் "அவசரத்தை அடக்கு" என்ற பெயரோடு விடாமல், "கேள்வியின் கடைசி வரியைப் படிக்கும் வரை பென்சிலை எடுக்காதே" என்ற செயலாக இறக்கித் தர வேண்டும்.

இரண்டாவது, கலந்துரையாடல் வட்டம். மாத்யூ லிப்மன் 1970-களில் அமெரிக்காவில் தொடங்கிய "பிள்ளைகளுக்கான தத்துவம்" என்ற முறை இது. ஒரு சிறுகதையோ படமோ கொடுக்கிறார்கள். பிள்ளைகள் தாமே கேள்விகள் எழுப்புகிறார்கள். வாக்கெடுப்பில் ஒரு கேள்வியைத் தேர்ந்து 30, 40 நிமிடம் பேசுகிறார்கள். கடைசியில் ஒவ்வொருவரும் தம் எண்ணம் எங்கே மாறியது என்று ஒரு வரி சொல்கிறார்கள். ஆசிரியர் "சரி", "தப்பு" சொல்ல மாட்டார். "அதற்குக் காரணம்?", "இதை மறுக்கும் உதாரணம் யாரிடமாவது இருக்கிறதா?" என்று மட்டும் கேட்பார்.

இங்கிலாந்தில் 48 பள்ளிகளில் இதைச் சோதித்து 2015-இல் வெளியான முடிவு, வாசிப்பிலும் கணக்கிலும் ஏறக்குறைய இரண்டு மாதம் கூடுதலாகப் படித்ததற்கு ஈடான முன்னேற்றம் என்றது. பலர் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இன்னும் பெரிய அளவில் மறுபடி சோதித்து 2021-இல் வந்த முடிவில் வாசிப்பு மதிப்பெண்ணில் பலன் தெரியவில்லை. ஆகவே மதிப்பெண்ணுக்காக இதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். கோபப்படாமல் மறுத்துப் பேசுவதையும், காரணம் கேட்டால் அவமானமாக எடுத்துக்கொள்ளாமல் இருப்பதையும், கருத்தைப் பலர் முன்னால் மாற்றிக்கொள்வதையும் பழக இதைவிடப் பொருத்தமான இடம் பள்ளியில் வேறில்லை. வாழ்க்கைக்கு அது சிறிய விஷயமா?

முப்பது பேர் ஒரே வட்டத்தில் உட்கார்ந்தால் ஐந்து பேர்தான் பேசுவார்கள். பதினைந்து பேராகப் பிரித்து, பாதிப் பேர் பேச மீதிப் பேர் குறிப்பெடுத்துவிட்டு இடம் மாறுவது நல்லது. ஆசிரியர் தன்னையறியாமல் பிடித்த பதிலுக்குத் தலையாட்டுவார்; பிள்ளைகள் அதைப் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்து, அந்தப் பதிலையே தேடத் தொடங்கிவிடுவார்கள்.

பாடத்தோடு கலந்த வாடிக்கைகள்

பாடத்தின் நடுவே ஒரே விதமாகத் திரும்பத் திரும்பச் செய்யும் சிறு நடைமுறையைத்தான் வாடிக்கை என்கிறோம். ஒரு வழியைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் பள்ளிக்கு எங்கள் பரிந்துரை இதுவே. காரணம் எளியது: யோசிக்க வேண்டிய தருணங்கள் பாடத்துக்குள்தான் வருகின்றன. கணக்கில் யோசிக்கும் பழக்கம் கணக்கு நோட்டில்தான் வளர வேண்டும். விமர்சனப் பார்வை என்பது எந்தப் பொருளிலும் பொருத்திக்கொள்ளும் தனிக் கருவி இல்லை. அந்தப் பொருளைப் பற்றிய அறிவு இல்லாவிட்டால் சந்தேகப்படக்கூட ஒன்றும் தோன்றாது.

கணக்கில் முதல் வாடிக்கை, விடைக்கு முன் மதிப்பீடு. 48 × 19 என்ற கணக்கைத் தொடுமுன் ஓரத்தில் "சுமார் 50 × 20, அதாவது 1000-க்குக் கொஞ்சம் கீழே" என்று எழுத வேண்டும். அப்புறம் பெருக்கி 912 வந்தால் மனம் சமாதானமாகும். 9,120 வந்தால் உறுத்தும். பின்னத்திலும் அப்படித்தான். 1/2 + 1/3 = 2/5 என்று எழுதும் பிள்ளையிடம் "2/5 அரையைவிடப் பெரியதா, சிறியதா?" என்று கேட்டால் போதும். அரையோடு எதையோ கூட்டினோம், விடை அரையைவிடக் குறைந்துவிட்டது என்பதை அதுவே பார்த்துவிடும். மதிப்பீட்டை விடைக்குப் பிறகு எழுத விடக்கூடாது. பல பிள்ளைகள் முதலில் பெருக்கிவிட்டு, அதற்கு ஏற்றபடி மதிப்பீட்டை நிரப்புவார்கள். அப்போது அந்த வரி வெறும் அலங்காரம். முதல் இரண்டு வாரம் பத்துக் கணக்குக்கு மதிப்பீடு மட்டும் எழுதச் சொல்லுங்கள், விடையே வேண்டாம். மதிப்பீடும் ஒரு வேலைதான் என்பது அப்போதுதான் நிலைக்கும்.

அறிவியலில், சோதனையைத் தொடங்குமுன் கணிப்பும் காரணமும். ஒரே அளவுள்ள இரண்டு பந்துகள், ஒன்று கனம், ஒன்று லேசு. ஒரே உயரத்திலிருந்து விட்டால் எது முதலில் தரையைத் தொடும்? ஒவ்வொருவரும் எழுதிய பிறகே பந்தை விட வேண்டும். எழுதாத பிள்ளை, முடிவைப் பார்த்ததும் "எனக்கு அப்பவே தெரியும்" என்று உண்மையாகவே நம்பும். எழுதிய பிள்ளைக்கு அந்த வழி அடைபட்டுவிடுகிறது. தன் எண்ணம் எங்கே பிசகியது என்று பார்த்தாக வேண்டும். கற்றல் அங்கேதான் நடக்கிறது.

படம், வரைபடம், விதை, எலும்புக்கூடு என்று எதைக் காட்டினாலும் ஹார்வர்டின் புராஜெக்ட் ஜீரோ குழு உருவாக்கிய "பார்க்கிறேன், நினைக்கிறேன், வியக்கிறேன்" என்ற மூன்று படி வாடிக்கை பொருந்தும். முதல் மூன்று நிமிடம் கண்ணால் காண்பதை மட்டும் சொல்ல வேண்டும். "அவர் சோகமாக இருக்கிறார்" என்பது காண்பதில்லை, நினைப்பது. "அவர் தலை குனிந்திருக்கிறது" என்பதுதான் காண்பது. இந்த வேறுபாட்டைப் பிடிக்கவே பிள்ளைகளுக்கு ஐந்தாறு வகுப்புகள் ஆகும். ஆசிரியர்கள் இங்கே பொறுமையிழந்து மூன்று படிகளையும் கலந்துவிடுகிறார்கள். கண்டதையும் ஊகித்ததையும் பிரிக்கத் தெரிந்த பிள்ளை, பின்னாளில் ஒரு வதந்தியைப் படிக்கும்போதும் அந்தக் கோட்டைத் தேடும் என்பதால், இந்த ஒரு படியில் எவ்வளவு நேரம் செலவானாலும் தகும் என்பது எங்கள் எண்ணம்.

மொழிப் பாடத்துக்கு, கல்வி ஆய்வாளர்கள் பாலின்சரும் பிரௌனும் 1984-இல் வெளியிட்ட முறை இன்றும் வலுவானது. நான்கு பேர் கொண்ட குழு ஒரு பத்தியைப் படிக்கிறது. ஒருவர் சுருக்கிச் சொல்வார், ஒருவர் கேள்வி கேட்பார், ஒருவர் புரியாத இடத்தைத் தெளிவாக்குவார், ஒருவர் அடுத்து என்ன வரும் என்று கணிப்பார். அடுத்த பத்தியில் வேலையை மாற்றிக்கொள்வார்கள். வேலை மாறாவிட்டால் நன்றாகப் படிக்கும் பிள்ளை எப்போதும் சுருக்குவார், தயங்கும் பிள்ளை எப்போதும் கணிப்பார். இருவரும் வளர மாட்டார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான எதிரி ஒன்று உண்டு: அச்சடித்த தாள். மூன்று கட்டம் போட்ட தாளை நிரப்பச் சொன்னதும் வாடிக்கை எழுத்து வேலையாகிவிடுகிறது. பேச்சில் பழகி, பத்து முறையாவது ஆன பிறகே தாளுக்கு வரவேண்டும். ஒரு வாடிக்கை கைவரும் முன்பே அடுத்ததைக் கொண்டுவருவதும் இதே அளவுக்குக் கெடுதல்.

வீட்டுப் பேச்சு

வீட்டில் பாடத்திட்டம் இல்லை. ஆனால் பிள்ளையின் முழு நாளும் கண்முன் நடக்கிறது என்ற பெரிய வசதி இருக்கிறது. இதற்குப் பணம் வேண்டாம், பொருள் வேண்டாம். வேண்டியது பெரியவர்களின் அடக்கம்.

முதலாவது, காத்திருத்தல். கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து பார்த்தபோது, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிகூடப் பொறுக்கவில்லை. அதற்குள் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் அல்லது விடையைத் தாங்களே சொன்னார்கள். மூன்று விநாடி பொறுக்கப் பழக்கியதும் பதில்கள் நீண்டன, "தெரியாது" குறைந்தது, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். பிள்ளை பதில் சொல்லி முடித்த பிறகும் மூன்று விநாடி பொறுங்கள். பல நேரம் இரண்டாவது வாக்கியத்தில்தான் விஷயம் வரும். வீட்டில் கேள்வி பெரும்பாலும் ஏதாவது அவசரத்தின் நடுவே வருவதால், அந்த மூன்று விநாடியை மனதுக்குள் எண்ணித்தான் பழக வேண்டியிருக்கும்.

இரண்டாவது, வாய்விட்டு யோசித்தல். அவசரப்படும் பிள்ளைகளுக்காக உளவியலாளர்கள் மைக்கன்பாமும் குட்மனும் 1971-இல் வகுத்த ஐந்து படிகள் இவை: பெரியவர் வேலையைச் செய்துகொண்டே தன் யோசனையைச் சத்தமாகச் சொல்வார், பெரியவர் சொல்லச் சொல்லப் பிள்ளை செய்யும், பிள்ளையே சத்தமாகச் சொல்லிக்கொண்டு செய்யும், முணுமுணுத்துச் செய்யும், கடைசியில் மனதுக்குள். பெரியவர் முதல் படியில் தவறுவதையும் திருத்துவதையும் காட்ட வேண்டும்: "என்ன கேட்டிருக்கிறார்கள்? மொத்தம் எவ்வளவு என்று. நான் கழித்துவிட்டேனே. பரவாயில்லை, திரும்பப் பார்க்கிறேன்." அந்த ஆய்வில் பயிற்சி மேசையில் பிழைகள் குறைந்தன, வகுப்பறையில் நடந்துகொள்ளும் விதத்தில் மாற்றம் தெளிவாக வரவில்லை. ஆகவே இதைத் தனிப் புதிர்களை வைத்துப் பழக்க வேண்டாம். அன்றைய வீட்டுப்பாடத்திலேயே, பை அடுக்கும்போதே, சண்டை தீர்க்கும்போதே பழக்குங்கள்.

மூன்றாவது, கேட்கும் விதம். பிள்ளை "அப்பா, இந்தக் கணக்கு வரல" என்றால் வாய்க்கு முதலில் வருவது "கொண்டா, நான் சொல்றேன்." அதற்குப் பதில் "எதுவரைக்கும் வந்துச்சு, காட்டு" என்று கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு கேள்வி பிள்ளையைத் தன் வேலையைத் திரும்பப் பார்க்கவைக்கிறது. பாதி நேரம் காட்டிக்கொண்டிருக்கும்போதே "ஆ, புரிஞ்சிடுச்சு" என்று எழுந்துபோகும். "ஏன்" என்று தொடங்கும் கேள்விகளைக் கொஞ்சம் கவனமாகக் கையாள வேண்டும். "ஏன் இப்படிப் பண்ணினே?" என்பது பிள்ளையின் காதில் திட்டாகவே விழும். "என்ன நினைச்சு இதைச் செஞ்சே?" என்றால் பதில் வரும்.

வீட்டு வழி கெட்டுப்போவது பெரும்பாலும் அளவு மீறுவதால்தான். ஒவ்வொரு பேச்சையும் பாடமாக்கினால் பிள்ளை பேசுவதையே குறைத்துக்கொள்ளும். நாளைக்கு இரண்டு தருணம் போதும். பசி, தூக்கம், அழுகை இருக்கும்போது யோசிக்கச் சொல்லாதீர்கள்.

எழுதிவைக்கும் வழி: பிழை நோட்டு

பத்து வயதுக்கு மேல் இதற்கு ஈடு வேறில்லை. ஒரு நோட்டில் கோடு போட்டுப் பிரித்த நான்கு பத்திகள்: கேள்வி, நான் எழுதியது, தவறின் வகை, அடுத்த முறை எந்த இடத்தில் நிற்பேன். வகைகள் நான்கு வைத்தால் போதும். கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை, பாடம் தெரியவில்லை, தவறான முறையைத் தேர்ந்தேன், வழி தெரிந்தும் கைபிசகியது. வாரத்துக்கு ஐந்து பிழைகள், பதினைந்து நிமிடம்.

"கவனக்குறைவு" என்ற வகையை வைக்கவே கூடாது. வைத்தால் முக்கால்வாசிப் பிழைகள் அதற்குள் போய் ஒளிந்துகொள்ளும், அதிலிருந்து எதுவும் கற்க முடியாது. மூன்று வாரம் கழித்து வகைகளை எண்ணிப் பார்த்தால் அந்தப் பிள்ளைக்கே உரிய ஓட்டை எது என்று தெரியும். ஒரு பிள்ளைக்கு அலகு மாற்றுமிடம், இன்னொன்றுக்கு "அல்ல", "தவிர" என்ற சொற்கள். நான்காவது பத்தியை "எனில்" வடிவில் எழுதச் சொல்லுங்கள்: "கேள்வியில் 'தவிர' என்று வந்தால், அதற்குக் கீழே கோடு போட்ட பிறகே விடையைப் பார்ப்பேன்." இன்ன சூழ்நிலை வந்தால் இன்னது செய்வேன் என்று முன்கூட்டி இணைத்துவைத்தால் செயல் நடக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரும் அவரது குழுவினரும் 1990-களிலிருந்து பல சோதனைகளில் காட்டியிருக்கிறார்கள். யோசிக்க வேண்டிய இடத்தைக் கண்டுகொள்ளும் கூர்மைக்கு நேரடியாக உதவுவது இதுதான்.

இதோடு சேர்த்துச் செய்யத் தகுந்தது தன் கணிப்பு. பரீட்சைக்கு முந்தின நாள் "பத்துக்கு எத்தனை வரும்?" என்று பிள்ளை ஓர் எண்ணை எழுதட்டும், பிறகு புத்தகத்தை மூடி, வெற்றுத் தாளில் நினைவிலிருந்து எழுதி, திறந்து சரிபார்க்கட்டும். ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-இல் மாணவர்களிடம் சோதித்தபோது, ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள், ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்களே வெகுவாக முந்தினார்கள். திரும்பப் படிக்கும்போது பரிச்சயம் கூடுகிறது. அதைத் தெரிந்துவிட்டது என்று மனம் எடுத்துக்கொள்கிறது. கணித்த எண்ணும் கிடைத்த எண்ணும் அருகருகே நிற்கும்போது பிள்ளை அந்த மயக்கத்தைத் தானே காண்கிறது.

பிழை நோட்டைப் பெற்றோர் எடுத்துவைத்துக்கொண்டு "பார், போன வாரமும் இதே தப்பு" என்று காட்டிய நாளோடு அது முடிந்தது. அதன்பின் பிள்ளை சின்னச் சின்னப் பிழைகளை மட்டும் எழுதும். பயந்த சுபாவமுள்ள பிள்ளைக்கு, தவறு செய்தால் அழும் பிள்ளைக்கு, இதிலிருந்து தொடங்கவே வேண்டாம். வீட்டுப் பேச்சில் பெரியவர்கள் தங்கள் பிழைகளைச் சாதாரணமாகச் சொல்லித் திருத்துவதை ஓரிரு மாதம் பார்த்த பிறகு வரட்டும்.

நட்சத்திரமும் பாராட்டும்

பரிசு கொடுத்துப் பழக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் 1973-இல் வரைவதில் ஆசையுள்ள சிறு பிள்ளைகளுக்கு, வரைந்தால் சான்றிதழ் என்று முன்கூட்டிச் சொன்னபோது, பிறகு அவர்கள் தாமாக வரையும் நேரம் குறைந்தது. பிள்ளைக்கு ஏற்கனவே ஆர்வம் இருக்கும் இடத்தில் பரிசைக் கொண்டுவர வேண்டாம். பாராட்டைப் பொறுத்தவரை, "நீ புத்திசாலி" என்று கேட்ட பிள்ளைகள் தோல்விக்குப் பின் எளிதில் சோர்ந்ததாகவும், முயற்சிக்காகப் பாராட்டுப் பெற்றவர்கள் தாக்குப்பிடித்ததாகவும் முல்லரும் டுவெக்கும் 1998-இல் கண்டார்கள். நடைமுறையில் இன்னும் ஒரு படி இறங்கிச் சொல்வது நல்லது: "விடை வந்ததும் திரும்ப ஒருமுறை கேள்வியைப் படிச்சியே, அதனாலதான் பிடிச்சே." எதைத் திரும்பச் செய்ய வேண்டும் என்பது அந்த வாக்கியத்திலேயே இருக்கிறது.

எதைத் தேர்ந்தெடுப்பது

நான்கிலிருந்து ஆறு வயது வரை வீட்டுப் பேச்சு மட்டும். வேறு எதுவும் தேவையில்லை. ஏழு முதல் பத்து வரை, அதோடு பாடத்தில் ஒரே ஒரு வாடிக்கை. கணக்கில் தடுமாறும் பிள்ளைக்கு மதிப்பீடு, அவசரக்காரப் பிள்ளைக்கு வாய்விட்டு யோசித்தல். பதினொன்றிலிருந்து பிழை நோட்டும் தன் கணிப்பும். பதின்மவயதினர் எதைப் பழகுவது என்பதை அவர்களே தேர்ந்தெடுக்க வேண்டும். திணித்தது அந்த வயதில் நிற்காது.

நாளுக்குப் பத்து நிமிடம்தான் முடியும் என்னும் பெற்றோர், வாரத்தில் இரண்டு மணி நேரத் தனி வகுப்பைவிட அந்தப் பத்து நிமிடத்தையே நம்பலாம். பழக்கம் அது நிகழ வேண்டிய இடத்தில் அன்றாடம் தொடப்படுகிறது. பள்ளி தேடுகிறவர்கள் சுவரொட்டிகளைப் பார்க்க வேண்டாம். மாணவர்களின் நோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். சிவப்பு மையில் வெறும் பெருக்கல் குறிகள் இருக்கின்றனவா, மாணவர் தன் பிழையைத் தானே திருத்திய தடம் இருக்கிறதா என்பது பத்து பக்கத்தில் தெரிந்துவிடும்.

பலன் வருகிறதா என்று எப்படி அறிவது? நினைவூட்டாமல் நடந்த தடவைகளை மட்டும் எண்ணுங்கள். பத்துக் கணக்கில் எத்தனைக்குச் சொல்லாமலே மதிப்பீடு எழுதியது? முதல் வாரம் ஒன்றோ இரண்டோ இருக்கும். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், பெரியவர்களுக்கே ஓர் எளிய செயல் பழக்கமாகச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள் 18-லிருந்து 254 வரை மாறியது. மூன்று வாரத்தில் கைவிட்டுவிடக் காரணமில்லை.

நினைவூட்டலைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். முதலில் வாக்கியம்: "எழுதுறதுக்கு முன்னாடி மதிப்பீடு." அடுத்து ஒரு சொல்: "முன்னாடி?" பிறகு நோட்டின் ஓரத்தை விரலால் தொட்டால் போதும். பிறகு எதுவும் இல்லை. பத்துக்கு ஏழு தடவை தானாக நடந்தால் அடுத்த படிக்கு இறங்கலாம். நீண்ட விடுமுறைக்குப் பிறகு பழக்கம் தளர்ந்திருக்கும். அப்போது முதல் படிக்கே திரும்ப வேண்டியதில்லை, ஒரு படி மட்டும் மேலே ஏறி ஒரு வாரம் இருந்தால் பழைய நிலைக்கு வந்துவிடும்.